பரோசாவில் ஒரு நாள்: மூன்று பண்ணைகள் போதும்

பரோசாவுக்கு ஒரு நாள் போகிறீர்கள் என்றால் மூன்று பண்ணைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்தாலும் இது நினைவிருக்கட்டும்.

அடிலெய்டிலிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். தனுண்டா, நூரியூட்பா, ஆங்கஸ்டன் என்று சிற்றூர்கள், அவற்றைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடிகள், கொடிகளுக்கு நடுவே பழைய கல் கட்டடங்களில் ஒயின் ஆலைகள். பண்ணையிலேயே ஒயினை ருசி பார்த்து வாங்கும் கூடத்தை ஆஸ்திரேலியாவில் ‘செல்லர் டோர்’ என்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட கூடங்கள் டஜன் கணக்கில் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து, பத்து நிமிட ஓட்டம்தான். அதைப் பார்த்துத்தான் ஆசை கிளம்புகிறது: காலையில் மூன்று, மாலையில் நான்கு என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நாலாவது இடத்தில் நாக்கு மரத்துப்போகிறது. ஊற்றிக் கொடுப்பவர் சொல்வது காதில் ஏறுவதில்லை. அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்கிற இடம்தான்.

நல்ல ஒயின் உலகில் எத்தனையோ ஊர்களில் கிடைக்கும். பரோசாவுக்கு மட்டும் உரிய செல்வம், அங்கே இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும் கிழட்டுக் கொடிகள். 1840களில் நட்ட கொடிகள் இன்றைக்கும் பழம் தருகின்றன. அவற்றின் முன்னால் நிற்கவும், அவற்றை நட்டவர்கள் யார், வெட்டாமல் காத்தவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நேரம் வேண்டும். ஒரு பண்ணைக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

யார் ஓட்டுவது

கிளம்புவதற்கு முன் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு செல்லர் டோரில் ஐந்தாறு வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 25 மில்லி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 150 மில்லி. பரோசாவின் சிவப்பு ஒயினான ஷிராஸில் ஆல்கஹால் 14.5 சதவீதம் இருப்பது சகஜம். கணக்குப் போட்டால் சுமார் 17 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. ஆஸ்திரேலியாவில் 10 கிராமை ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்று எண்ணுகிறார்கள். மூன்று இடத்திலும் ஊற்றியதையெல்லாம் விழுங்கினால் ஐந்து ஸ்டாண்டர்ட் டிரிங்க். ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05ஐத் தொடக்கூடாது, பழகுநர் உரிமமோ தற்காலிக உரிமமோ வைத்திருப்பவருக்குப் பூஜ்யம். சாலையில் எங்கே வேண்டுமானாலும் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லலாம். ‘கொஞ்சம்தானே’ என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

குடும்பத்தில் குடிக்காதவர் ஒருவர் ஓட்ட முன்வந்தால் நல்லது. இல்லையென்றால் அடிலெய்டிலிருந்து கிளம்பும் சுற்றுலா வேன்கள் இருக்கின்றன. நாலைந்து பேராக இருந்தால் ஓட்டுநரோடு கார் அமர்த்துவது நிம்மதி. உங்கள் பட்டியலின்படி போகலாம், வேன்காரர் நிறுத்தும் இடங்களில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ரயிலை நம்பிக் கிளம்பாதீர்கள். அடிலெய்டு ரயில் காலர் வரைதான் வரும். அதற்கு அப்பால் பஸ்ஸில் பண்ணை பண்ணையாகச் சுற்ற முடியாது.

ஓட்டுகிறவரும் ருசி பார்க்கலாம், துப்பிவிட்டால். ஒவ்வொரு மேசையிலும் அதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கும். நாலு பேர் முன்னால் துப்புவதா என்று நம்மவர்களுக்குக் கூச்சம் வரும். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. ஒயின் செய்கிறவர்கள் நாள் முழுக்கத் துப்பிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். கிளாஸில் மிச்சம் இருப்பதையும் அதிலேயே ஊற்றிவிடலாம். ஆனால் துப்பினாலும் வாய்வழியாகக் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஓட்டுகிறவர் ஓரிரண்டு வகையோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை முகர்ந்து பார்ப்பதோடு விட்டுவிடட்டும்.

எப்போது போவது

கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டின் எந்த மாதம் போனாலும் எங்கோ ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும். பரோசாவில் அது நடக்காது. குளிரில் கொடி இலையெல்லாம் உதிர்த்து உறங்கும், செப்டம்பரில் துளிர்விடும், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரே ஒரு அறுவடை. அறுவடைக் காலத்தில் போனால் டிராக்டர்கள் பழத்தை அள்ளிக்கொண்டு வருவதும், நொதிக்கும் பழத்தின் வாசனை ஊரெங்கும் பரவியிருப்பதும் மறக்க முடியாதவை. ஆனால் பிப்ரவரியில் வெயில் 40 பாகையைத் தொடக்கூடும். ஆலைக்காரர்களுக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்காது.

என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். வேலை ஓய்ந்திருக்கும், கொடிகளின் இலை மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கும், பகலில் ஒரு ஸ்வெட்டர் போதும். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஈஸ்டரை ஒட்டி, 1947இல் தொடங்கிய அறுவடைத் திருவிழா நடக்கும். ஊர் முழுக்கக் கூட்டம் இருக்கும். விழா பார்ப்பது வேறு, அமைதியாக ஒயின் ருசிப்பது வேறு. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். கொடிகள் மொட்டையாக நிற்கும். கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு ஒயின் குடிக்க விரும்புகிறவர்களுக்கு அதுவும் நல்ல பருவம்தான்.

பெரும்பாலான செல்லர் டோர்கள் காலை 10 அல்லது 11 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குள் மூடிவிடும். மூன்று இடத்துக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். நாலு பேருக்கு மேல் என்றால் கட்டாயம். ருசி பார்க்கக் கட்டணம் உண்டு; பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள். 18 வயது நிரம்பியவருக்குத்தான் ஊற்றுவார்கள், பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்கட்டும். பெரியவர்களோடு குழந்தைகள் வரலாம்.

அன்று காலை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இட்லி, பொங்கல், எதுவானாலும் சரி; காரச் சட்னியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நாக்கை அது பல மணி நேரம் பிடித்துவைத்துக்கொள்ளும். பல் தேய்த்த உடனேயும் காபி குடித்த உடனேயும் ஒயின் ருசிக்காது. சென்ட் போடாதீர்கள், உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்து மேசைக்காரர் மூக்கையும் அது கெடுக்கும்.

காலை: ஆங்கஸ்டன்

வெள்ளையிலிருந்து சிவப்புக்கு, சிவப்பிலிருந்து இனிப்பு ஒயினுக்கு என்பதுதான் நாக்குக்கு ஏற்ற வரிசை. பரோசாவின் நிலவமைப்பு அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் வந்து, முதலில் கிழக்கே இருக்கும் ஆங்கஸ்டனுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து மலை இறங்கித் தனுண்டா, பிறகு மேற்கே செப்பல்ட்ஸ்ஃபீல்டு, அப்படியே நெடுஞ்சாலை ஏறி வீடு. ஒரு வட்டம் முடிந்துவிடும்.

சனிக்கிழமையாக இருந்தால் காலையில் ஆங்கஸ்டனில் உழவர் சந்தை கூடும். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ், பழம் எல்லாம் பண்ணைக்காரர்களே கொண்டுவந்து விற்பார்கள். மதியச் சாப்பாட்டை இங்கேயே வாங்கிவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், முக்கியமாகச் சைவர்களுக்கு.

முதல் பண்ணை யாலும்பா. 1849இல் இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் ஸ்மித் தொடங்கியது, இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. தங்களுக்கு வேண்டிய ஓக் பீப்பாய்களைத் தாங்களே செய்துகொள்ளும் ஆலைகள் உலகில் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. பீப்பாய்ப் பட்டறையைப் பார்க்க வழி உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பலகைகளை நெருப்பில் காட்டி வளைத்து, ஆணியோ பசையோ இல்லாமல் இரும்பு வளையத்தால் மட்டும் இறுக்கி, ஒரு சொட்டு ஒழுகாத பீப்பாயாக்கும் வேலை அது. உள்பக்கத்தை எவ்வளவு வாட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒயினில் வெனிலா வாசனையோ புகை வாசனையோ ஏறும்.

இங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் தொடங்குங்கள். பள்ளத்தாக்குக்குக் கிழக்கே ஈடன் வேலி என்ற மேட்டு நிலம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 400, 500 மீட்டர் உயரம் என்பதால் குளிர்ச்சி அதிகம். வெள்ளைத் திராட்சைக்கு ஏற்ற மண். அங்கே விளைந்த இளம் ரீஸ்லிங்கில் எலுமிச்சையின் புளிப்பும் பூ வாசனையும் தூக்கலாக இருக்கும். பத்து வயதான ரீஸ்லிங் இருந்தால் கேட்டு வாங்கி, இளையதன் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். நிறம் பொன்னாகியிருக்கும், புளிப்பு அடங்கித் தேன் வாசனை வந்திருக்கும், அதோடு மண்ணெண்ணெய் வாசனையும் லேசாக வரும். ஒயின் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். வயதான ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதான், அதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

ருசி பார்க்கும் முறையில் மந்திரம் எதுவும் இல்லை. கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கைச்சூடு ஏறாது. வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். சுழற்றாமல் ஒரு தடவை முகருங்கள், சுழற்றிவிட்டு இன்னொரு தடவை முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே யாருக்கும் தெரிந்துவிடும். பிறகு ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படரவிட்டு, கொஞ்சம் காற்றை உள்ளிழுங்கள். விழுங்கியோ துப்பியோ முடித்த பிறகு எத்தனை நொடி சுவை நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல ஒயின் நெடுநேரம் நிற்கும். அட்டையில் எழுதியிருக்கும் ‘பிளம், கருமிளகு, புகையிலை’ என்பதையெல்லாம் முதலில் படிக்காதீர்கள். உங்கள் மூக்கு நாவல்பழம் என்று சொன்னால் அது நாவல்பழம்தான்; ஊற்றுகிறவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆஸ்திரேலியர்களுக்கு அந்தப் பழத்தைத் தெரிந்திருக்காது, ஆனால் விவரித்தால் ஆர்வமாகக் கேட்பார்கள். பேச்சு அங்கிருந்து நன்றாக வளரும்.

நடுப்பகல்: பெத்தனி, தனுண்டா

ஆங்கஸ்டனிலிருந்து தனுண்டாவுக்கு மெங்க்லர் குன்று வழியாக இறங்குங்கள். குன்றின் மேல் வண்டியை நிறுத்தினால் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். அடிவாரத்தில் பெத்தனி. 1842இல் பரோசாவில் ஜெர்மானியர்கள் அமைத்த முதல் ஊர் அதுதான். பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியம் தன் நாட்டுப் புராட்டஸ்டண்டு சபைகளை ஒன்றாக்கி ஒரே வழிபாட்டு முறையைத் திணித்தபோது, அதை ஏற்காத பழைய லூத்தரன்கள் நாட்டை விட்டே கிளம்பினார்கள். சிலேசியாவிலிருந்து கப்பலேறி வந்த அந்தக் குடும்பங்களுக்கு இங்கே நிலம் கிடைக்க வழி செய்தவர் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ். ஆங்கஸ்டன் அவர் பெயர்தான். இவர்கள் வருவதற்கு முன்பு இது பெரமாங்க், நஜுரி, கௌர்னா மக்களின் நிலம் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் உலகப் போரின்போது இந்தப் பகுதியின் ஜெர்மானிய ஊர்ப் பெயர்கள் பலவற்றை அரசு மாற்றியது. தேவாலயங்களும் பேக்கரிகளும் அப்படியே நின்றன.

இரண்டாவது பண்ணை, தனுண்டாவின் ஓரத்தில் இருக்கும் லாங்மைல். ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கிறிஸ்டியன் ஆரிக்ட் என்ற கொல்லர் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இங்கே இன்னும் இருக்கின்றன. அந்தத் தோட்டத்து ஒயினுக்கு ‘ஃப்ரீடம் 1843’ என்று பெயர். தாங்கள் விரும்பியபடி கும்பிட ஒரு நாடு தேடி வந்தவர்கள் நட்டது என்பதால் விடுதலை என்ற பெயர்.

கொடிகளை நின்று பாருங்கள். கொடி என்ற சொல் இவற்றுக்குப் பொருந்தாது. அடிமரம் தொடை அளவு பருத்து, முறுக்கேறி, பட்டை உரிந்து, சில இடங்களில் உள்ளே பொந்து விழுந்து நிற்கும். அந்தக் கட்டையிலிருந்து ஆண்டுதோறும் மெல்லிய புதுக் கிளைகள் கிளம்புகின்றன. ஒரு கொடிக்குக் கிடைக்கும் பழம் குறைவு, பழமும் சிறிது. சாறு குறைந்து தோல் மிகுந்திருப்பதால் நிறமும் சுவையும் செறிந்து இறங்கும். பரோசா ஒயின்காரர்கள் 2009இல் கொடிகளின் வயதுக்குப் பட்டங்கள் வகுத்தார்கள்: 35 ஆண்டு தாண்டினால் பழைய கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்த கொடி, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதைக் கொடி. பாட்டிலின் லேபிளில் இதைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் வரிசைகளுக்குள் கால் வைக்காதீர்கள். பாதையிலிருந்தே பாருங்கள், படமும் அங்கிருந்தே எடுங்கள். ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் 1860களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து அங்கிருந்த தோட்டங்களை அழித்தது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் பெரும்பாலான கொடிகளை அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். 1877இல் அது விக்டோரியா மாநிலத்துக்கும் வந்துவிட்டது. தென் ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. இந்தக் கொடிகள் தங்கள் சொந்த வேரில் நிற்கின்றன. பேன் மண்ணோடு செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். மெல்போர்ன் பக்கம் யாரா பள்ளத்தாக்குத் தோட்டம் எதிலாவது நடந்திருந்தால், அந்தச் செருப்போடு இங்கே வராதீர்கள். இது பண்ணைக்காரரின் கெடுபிடி என்று நினைத்துவிடக்கூடாது. 180 ஆண்டுக் கொடி செத்தால் அதற்கு மாற்று கிடையாது.

பேனிடமிருந்து தப்பிய கொடிகள் மனிதர்களிடம் மாட்டிக்கொண்டன. 1970களின் கடைசியில் சிவப்புத் திராட்சை தேங்கிப்போனது. அப்போது சால்ட்ரம் ஆலையில் ஒயின் தயாரித்துக்கொண்டிருந்தவர் பீட்டர் லேமன். விவசாயிகளிடம் பழம் வாங்க வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எழுத்தில் எதுவும் இல்லாமல், கைகொடுத்துப் பேசியதை நம்பி ஆண்டுக்கணக்காகப் பழம் கொடுத்தவர்கள் அந்த விவசாயிகள். லேமன் 1979இல் பணம் திரட்டித் தனியாக ஆலை தொடங்கி அவர்கள் பழத்தை வாங்கினார். 1980களின் நடுவில் இன்னொரு அடி விழுந்தது: கொடியைப் பிடுங்கினால் அரசே பணம் கொடுத்தது. நூறு வயது ஷிராஸும் கிரனாஷும் வேரோடு போயின. அந்த நேரத்தில் தனுண்டாவுக்குத் தெற்கே ராக்ஃபோர்டு என்ற சிறு ஆலையை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் ஓகாலகன் போன்ற சிலர், பழைய கொடியின் பழத்துக்கு நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள். பிடுங்காமல் மிஞ்சிய தோட்டங்கள் பலவும் அப்படி மிஞ்சியவைதான். பத்தே ஆண்டில் உலகம் பரோசா ஷிராஸைத் தேடி வந்தது.

லாங்மைலில் இடம் கிடைக்காவிட்டால் ராக்ஃபோர்டுக்குப் போங்கள். பழைய கல் கட்டடத்தில் தாழ்ந்த கூரையின் கீழ் நின்றபடி ருசிக்கலாம். மரச்சட்டக் கூடையில் பழத்தை நிரப்பி மேலிருந்து மெல்ல அழுத்திப் பிழியும் பழைய முறையை இன்றும் கைவிடாதவர்கள் இவர்கள். அவர்களுடைய ‘பாஸ்கெட் பிரஸ் ஷிராஸ்’ அந்தப் பெயரில்தான் பிரபலம்.

இந்த நிறுத்தத்தில் கிரனாஷ், மாதாரோ, ஷிராஸ் என்ற வரிசையில் ருசியுங்கள். கிரனாஷ் இலேசானது, பழ வாசனை மிகுந்தது. ஷிராஸ் கனமானது. விழுங்கிய பிறகு கொட்டைப்பாக்கு மென்றதுபோல ஈறு இறுகும். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு அது. இளம் ஒயினில் அது முரட்டுத்தனமாக இருக்கும், வயதாக ஆகப் பதமாகும். மூதாதைக் கொடிகளின் ஒயின் விலை அதிகம். சாதாரண வரிசையில் அதை ஊற்றமாட்டார்கள், தனிக் கட்டணத்தில் ருசிக்க முடியுமா என்று கேளுங்கள். ஊற்றுகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்கத் தவறாதீர்கள்: இந்தக் கொடிக்கு என்ன வயது? சொந்தத் தோட்டமா, விவசாயி யாரிடமாவது வாங்கியதா? பரிசு பெற்ற ஒயின் எது என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். இந்தக் கேள்விகளுக்குக் கதை வரும்.

சைவர்கள் மூன்றாவதாக ஒன்றும் கேட்க வேண்டும். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவோ, பால் புரதமோ, மீன் பசையோ, ஜெலட்டினோ சேர்ப்பது உண்டு. எதுவும் சேர்க்காமல் தெளியவிடுகிறவர்களும் பலர் இருக்கிறார்கள். ‘வீகன்’ என்று லேபிளில் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சந்தையில் வாங்கிவைத்த சாப்பாட்டைப் பண்ணைத் தோட்டத்தில் பிரிக்கக் கூடாது. தனுண்டாவில் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஊருக்குள் 1924இல் தொடங்கிய ஏபெக்ஸ் பேக்கரி இருக்கிறது. விறகடுப்பில் சுட்ட ரொட்டியும் ஜெர்மானிய இனிப்புக் கேக்கும் கிடைக்கும். இந்த ஊரின் பெருமை மெட்வுர்ஸ்ட் என்ற புகைபோட்ட சாசேஜ், பன்றியும் மாடும் கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். சாப்பிட்டதும் தண்ணீர் நிறையக் குடித்து, அரை மணி நேரம் சும்மா இருங்கள். ஒயின் ருசிக்கிற நாளில் நன்றாகக் கழிகிற பொழுது இந்த அரை மணிதான்.

குடிக்காதவர்களுக்கு

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அவர்கள் வேண்டாம் என்றால் ‘ஒரு வாய்’ என்று வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கு அன்று செய்ய வேறு நல்ல காரியங்கள் இருக்கின்றன. நூரியூட்பாவுக்கு அருகே மேகி பியரின் பண்ணைக் கடை இருக்கிறது. பழுக்காத திராட்சையைப் பிழிந்தெடுக்கும் ‘வெர்ஜூஸ்’ என்ற புளிப்புச் சாற்றை 1984இல் வணிகமாகத் தயாரிக்கத் தொடங்கியவர் அவர். அதில் ஆல்கஹால் இல்லை. சோடாவில் கலந்து குடிக்கலாம். வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கிப் போனால் சாலட்டுக்கும் மீனுக்கும் எலுமிச்சைக்குப் பதிலாகப் பயன்படும்.

மாலை: செப்பல்ட்ஸ்ஃபீல்டு

தனுண்டாவிலிருந்து மேற்கே போகும் சாலையில் திடீரென்று இருபுறமும் ஈச்ச மரங்கள் வரிசை கட்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. 1930களின் பெருமந்தத்தில் ஆலையில் வேலை குறைந்தபோது செப்பல்ட் குடும்பம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த மரங்களை நடும் வேலையைக் கொடுத்துச் சம்பளம் கொடுத்தது. அந்தச் சாலையில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.

ஜோசப் செப்பல்ட் 1851இல் நிலம் வாங்கித் தொடங்கிய பண்ணை இது. அவர் மகன் பென்னோ 1878இல் புதுக் கிடங்கு கட்டி முடித்தபோது, தன் சிறந்த இனிப்பு ஒயினை ஒரு பெரிய பீப்பாயில் நிரப்பி, நூறு ஆண்டு யாரும் தொடக்கூடாது என்று வைத்தார். அடுத்த ஆண்டு இன்னொன்று. அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. போர் வந்தது, மந்தம் வந்தது, பண்ணையே பலமுறை கைமாறியது. வரிசை மட்டும் அறுபடவில்லை. இன்று ஒவ்வோர் ஆண்டும் நூறு வயதான ‘டானி’ ஒன்று இங்கிருந்து வெளிவருகிறது. பென்னோ தான் வைத்ததை ருசி பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே வைத்தார்.

இந்த வரிசை இருப்பதால் இங்கே உங்கள் பிறந்த ஆண்டின் ஒயினைப் பீப்பாயிலிருந்தே எடுத்து ஊற்றுகிறார்கள். தனிக் கட்டணம், வழிகாட்டியோடு போகும் சிறு சுற்று. பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். அப்பா குடிப்பவராக இருந்தால், இந்தச் செலவை அவருக்காகச் செய்யுங்கள். நம் பெரியவர்கள் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அம்மாச்சியோ பெரியப்பாவோ சொன்ன உண்மையான ஆண்டு தெரியுமென்றால் அந்த ஆண்டைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கிடங்குக்குள் நுழைந்ததும் வாசனை வந்துவிடும். மரத்தின் வழியாக ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அந்தக் காற்றிலேயே ஒயின் இருக்கிறது. பீப்பாயில் மிஞ்சுவது சுண்டிச் சுண்டிக் கெட்டிப்படுகிறது. நூறு ஆண்டு டானியை ஊற்றும்போது சில மில்லிதான் ஊற்றுவார்கள். கிட்டத்தட்டக் கருப்பு. கிளாஸைச் சாய்த்தால் கண்ணாடியில் படிந்து, வழிய மனமில்லாமல் நிற்கும். விளிம்பில் மட்டும் பச்சை சாயல் தெரியும். உலர்ந்த அத்தி, காபி, கருகிய சர்க்கரை, பழைய மரப்பெட்டி என்று வாசனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அவசரப்படாமல் சொட்டுச் சொட்டாக எடுங்கள். கால் மணி நேரம் கழித்தும் வாயில் இருக்கும். இதற்குப் பிறகு வேறு எதையும் ருசிக்க முடியாது. அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். நூறு ஆண்டுக்குப் பணம் போட மனமில்லாவிட்டால் 10, 21 ஆண்டு டானிகளை வரிசையாக ருசித்தாலும் காலம் என்ன செய்கிறது என்பது புரிந்துவிடும்.

வளாகத்திலேயே கைவினைப் பட்டறைகள் உண்டு, கலைஞர்கள் வேலை செய்வதை நின்று பார்க்கலாம். எதிரே குன்றின் மேல் செப்பல்ட் குடும்பத்தின் கல்லறை மண்டபம்; படியேறிப் போனால் ஈச்ச மர வரிசையோடு தோட்டம் முழுதும் தெரியும்.

வாங்குவதும் கொண்டுபோவதும்

கட்டணம் கொடுத்து ருசித்த இடத்தில் எதுவும் வாங்காமல் வருவதில் தவறில்லை. கட்டணமே வாங்காமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே ஊற்றிய சிறு குடும்பப் பண்ணையில் ஒரு பாட்டிலாவது வாங்குவது மரியாதை. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் பெயர்களை விட்டுவிட்டு, அந்தப் பண்ணையில் மட்டும் விற்பதை வாங்குங்கள். ஆஸ்திரேலியாவுக்குள் வீட்டு முகவரிக்கே அனுப்பிவைப்பார்கள்.

வெயில் நாளில் பாட்டிலை டிக்கியில் போடாதீர்கள். மூடிய டிக்கிக்குள் இரண்டு மணி நேரத்தில் ஒயின் வெந்துவிடும். ஏசி ஓடும் இருக்கைப் பக்கம், காலடியில் வையுங்கள். இந்தியாவுக்கு ஓர் ஆள் 2 லிட்டர் வரை சுங்கமில்லாமல் கொண்டுபோகலாம். 750 மில்லி பாட்டிலில் இரண்டு. பண்ணையில் வாங்கியதைக் கைப்பையில் விடமாட்டார்கள். துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். சென்னை வீட்டு அலமாரியில் ஷிராஸை ‘முதிரட்டும்’ என்று வைத்தால் அடுத்த மே மாத வெயிலில் பாழாகும். சில வாரங்களுக்குள் திறந்துவிடுங்கள், அதுவரை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவையுங்கள். பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்தால் போதும். திறந்த ஷிராஸ் மூடிவைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். டானி ஸ்பிரிட் சேர்த்த ஒயின் என்பதால் திறந்த பிறகும் சில வாரங்கள் இருக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் சின்ன கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளலாம்.